தாளின் அடியில் ஒரு வரி

"என்ன வாசிச்சுக்கிட்டு இருக்க?"

"மாலைங்க."

"என்ன மாலை?"

"நபிமார் கதை. பாட்டா வரும்."

"நிறுத்தாத, வாசி. நானும் கேக்கேன்."

அவள் வாசித்தாள். கல்யாணம் முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. புதுமாப்பிள்ளை ஜெய்லானி மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். கைருன்னிசா இந்தப் பக்கம், தலையில் முக்காடும் மடியில் புத்தகமுமாக இருந்தாள். குரல் முதலில் நடுங்கினாலும் போகப்போக ராகம் பிடித்துக்கொண்டு ஓடியது. அவள் நிறுத்தியபோது அவன் சொன்னான்:

"எங்கம்மாவுக்குக் கைநாட்டு. சின்னம்மா, பெரியம்மா எல்லாருக்கும் அதேதான். எங்க வீட்டுக்குப் படிச்ச பொண்ணு வந்திருக்குன்னு கம்பெனில ஒருத்தர் விடாம சொல்லிட்டேன்."

"இல்லீங்க..."

"என்ன இல்ல?"

"ஒண்ணுமில்லீங்க."

அன்றைக்கு விழுங்கிய பேச்சை கைருன்னிசா இன்று வரைக்கும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். மகள் பிறந்து, வளர்ந்து, போன வருஷம் திருநெல்வேலிக்குக் கல்யாணமாகியும் போய்விட்டாள். தொண்டையில் நின்றது மட்டும் அப்படியே நிற்கிறது.

விஷயம் இவ்வளவுதான். அவள் வாசித்தது தமிழ். அந்தத் தமிழ் எழுதப்பட்டிருந்தது அரபு எழுத்தில். ஜெய்லானி காதால் கேட்டான், பக்கத்தைப் பார்க்கவில்லை.

விருதுநகரில் அவள் சிறுமியாக இருந்தபோது, கீழக்கரையிலிருந்து வாழவந்த செய்தூன் நாச்சியா என்ற அம்மாள் தன் வீட்டு முற்றத்தில் தெருப் பெண் பிள்ளைகளையெல்லாம் உட்காரவைத்து ஓதிக் கொடுத்தார். வெண்களிமண் பூசிக் காயவைத்த மரப்பலகை ஆளுக்கொன்று. அதில் நாணல் குச்சியால் அம்மாள் எழுதிக் கொடுப்பார். பிள்ளைகள் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு "அலிபு சபர் அ, அலிபு சேர் இ, அலிபு பேசு உ" என்று கத்துவார்கள். பாடம் மனசில் ஏறிவிட்டால் பலகையைக் கழுவி, மறுபடி களிமண் பூசி அடுத்த பாடம். குர்ஆனை ஓதி முடித்த பிள்ளைக்கு வீட்டில் சீரணி என்று இனிப்புக் காய்ச்சித் தெருவுக்கே பங்கு வைப்பார்கள். அதற்கு மேலும் உட்காருகிற பிள்ளைகளுக்கு அம்மாள் அரபுத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். தமிழில் உண்டு, அரபியில் கிடையாது என்கிற ஓசைகளுக்கு எழுத்தின் மேலோ கீழோ கூடுதலாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டால் கதை, மாலை, தொழுகை முறை, வீட்டு வைத்தியம் எல்லாம் வாசிக்கலாம். கைருன்னிசா சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு யாரும் அனுப்பவில்லை. 'பெரிய மனுசி ஆகுறதுக்குள்ள ஓதி முடிச்சாச்சு, வேறென்ன வேணும்' என்றார் வாப்பா.

அவளும் அப்படித்தான் நினைத்தாள், கல்யாணமாகிச் சிவகாசிக்கு வரும்வரை. திரும்பின பக்கமெல்லாம் அச்சாபீஸ், சந்துக்குச் சந்து காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று தமிழ் எழுத்து மலைமலையாக லாரியில் ஏறிப்போகிற ஊர். அவள் வாழ்க்கைப்பட்டதோ தினசரி காலண்டருக்கு ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டுக்கு.

சமாளித்தாள். பஸ் வந்தால் யாராவது ஏறட்டும் என்று நின்று, ஏறுகிறவர்களிடம் பேச்சோடு பேச்சாக ஊரைத் தெரிந்துகொண்டு ஏறினாள். பத்திரிகையை மடியில் விரித்துப் படம் பார்த்தாள். பெயரெழுதப் படம் வரைவதுபோலப் பழகிக்கொண்டாள். மகள் பர்ஹத் எழுத்துக் கூட்ட ஆரம்பித்ததும் பாதிக் கவலை போயிற்று. "ஏம்மா, இதை வாசி. எனக்குக் கண்ணு மசங்குது" என்றால் போதும், பிள்ளை வாசித்துவிடும். கண்ணு மசங்குது, கண்ணு மசங்குது என்று சொல்லிச் சொல்லியே, அல்லா அவள் பொய்யைக் கேட்டுவிட்டு அதைப் புருஷன் கண்ணில் பலிக்க வைத்துவிட்டானோ என்றுதான் இப்போது அவளுக்குப் பயம்.

ஜெய்லானிக்கு இருப்பதே ஒரு கண். சிறுவயதில் தீபாவளியன்று தெருவில் யாரோ கொளுத்திப் போட்ட வெடியில் இடது கண் போய்விட்டது. இத்தனை வருஷம் வேலை பார்த்த வலது கண்ணில் புரை விழுந்து, மதுரையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்து பத்து நாளாகிறது. வரும்போது ஆஸ்பத்திரியில் இரண்டு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அங்கேயே நிரப்பிய வெள்ளைப் புட்டிகள், ஒரே அளவு, ஒரே மூடி. மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை வேளை எல்லாம் மேலே தமிழ் எழுத்திலேயே அச்சடித்து ஒட்டியிருந்தது. நர்ஸ் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, "இது வீக்கத்துக்கு, இது கிருமிக்கு" என்று சொன்னபோதே கைருன்னிசா ஒன்றின் கழுத்தில் நூல் சுற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்திரியைத் துண்டு போட்டு, அரபு எழுத்தில் தமிழாகவே எழுதி, அச்சடித்த சீட்டுக்கு மேலே ஒட்டிவிட்டு, நூலை அவிழ்த்துப் போட்டாள். செய்தூன் நாச்சியா கொடுத்த எழுத்து அவளைக் கைவிடவில்லை. ஒரு வேளை தப்பவில்லை.

முந்தாநாள் மறுபரிசோதனைக்குப் போனபோதுதான் டாக்டர் முகத்தைச் சுளித்தார். "வீக்கத்துக்குக் குடுத்த மருந்து இவருக்கு ஒத்துக்கலை. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. அதை இன்னையோட நிறுத்திடுங்க. மறந்தும் விட்டுடாதீங்க. இருக்கிறது ஒரு கண்ணு, தெரியுமில்ல? கிருமி மருந்து மட்டும் நாலு வேளை, தவறாம."

வீட்டுக்கு வந்து அந்தப் புட்டியின் பிளாஸ்திரியில் 'வேண்டாம்' என்று சேர்த்து எழுதினாள். தூக்கி எறிந்திருக்கலாம். அரைப் புட்டி மருந்தைக் குப்பையில் போடக் கை வரவில்லை.

இன்று காலையில்தான் வினை ஆரம்பித்தது.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜெய்லானி வாசற்படியில் நின்றார். சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். "கைரு, எதுத்த வீட்டுக் கதவு பச்சையா? நான் நீலம்னுல்ல நெனச்சிருந்தேன்! அந்தா, கிட்டங்கி வாசல்ல லோடு ஏத்துறாங்க, ஒவ்வொருத்தனும் தனித்தனியாத் தெரியிறான். கிட்டக்கதான் இன்னும் கலங்கலா இருக்கு. கண்ணாடி போட்டா எழுத்தும் தெரிஞ்சிரும்னு டாக்டர் சொல்லிட்டார்ல."

உள்ளே வந்தவர் அலமாரியிலிருந்த புட்டியை எடுத்துக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். "இதென்ன, என்னமோ ஒட்டி வச்சிருக்க? கோடு கோடா ஓடுது?"

"மூடி ஒழுகுச்சுங்க. அதான்."

"மூடி ஒழுகினா வயித்துலயா பிளாஸ்திரி போடுவாக?" சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

கைருன்னிசாவுக்கு அந்தச் சிரிப்பில் நிம்மதி வரவில்லை. நாளைக்கே கண் இன்னும் தெளிந்தால்? இது அரபு எழுத்தாச்சே, மருந்துப் புட்டியில் எதற்கு என்று கேட்டால்? அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து இரண்டு பிளாஸ்திரியையும் பிய்த்தாள். பசை பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. பதறிப்போய் இரண்டையும் ஒன்றாகத் தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, அலமாரியில் நிறுத்தினாள். நிறுத்திவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் உறைத்தது.

எது எது?

மதியம் சாப்பாடு போட்டுவிட்டு அலமாரியைப் பார்த்தாள். இரண்டு வெள்ளைப் புட்டிகள் அடக்கமாக நின்றன. தண்ணீர் பட்டும் சீட்டுகளில் எழுத்து கலையவில்லை. எழுத்துத் தெரிந்த எவரும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மருந்து இரண்டிலும் பாதிக்குக் கொஞ்சம் கீழே. மோந்தாள். இரண்டிலும் ஆஸ்பத்திரி வாடைதான். பர்ஹத்துக்குப் போன் போடலாம். போட்டு? பட்டன் போனுக்குள் புட்டியைக் காட்ட முடியுமா?

"கைரு, மருந்து நேரமாகலையா?"

"லுஹர் தொழுதுட்டு வாறேங்க."

"சரி சரி, தொழு."

தொழுதாள். எத்தனை ரக்அத் என்றே தடுமாறியது. சலாம் கொடுத்ததும் துஆ கேட்கக்கூட உட்காராமல், இரண்டு புட்டியையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

இருளம்மாள் தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முன்பு மல்லாங்கிணறு பக்கம் காட்டுவேலை பார்த்தவள். மகனும் மருமகளும் பட்டாசு வேலைக்கு வந்தபோது கூடவே வந்துவிட்டாள்.

"வாங்க பாயம்மா. என்ன, மூச்சு வாங்குது? பாய்க்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லக்கா. பாண்டிச்செல்வி இருக்காளா?"

"மருமகளா? அவ விஸ்வநத்தத்துல இல்ல கெடக்கா. கம்பெனி வேன் வர இருட்டிரும். சீசன் தொடங்கியாச்சே."

"பிள்ளைக?"

"பள்ளிக்கூடம். ஏன், என்ன சேதி?"

கைருன்னிசா ஒரு புட்டியை வெளியே எடுத்தாள். "இல்ல, இதுல என்ன எழுதியிருக்குன்னு..."

இருளம்மாள் புட்டியை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, சத்தம் போட்டுச் சிரித்தாள். "நல்ல ஆளைப் பாத்துக் கேட்டீக போங்க! எனக்கு எழுத்தும் ஒண்ணு, சுவத்துல ஊர்ற எறும்பும் ஒண்ணு. நீங்க படிச்சவுக. எங்க பேரன் பயந்து அலறினப்ப நீங்க ஓதி ஊதுன தண்ணியிலதான தெளிஞ்சான்? உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

"கண்ணு மசங்குதுக்கா..."

"அடியாத்தி, புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணாச் சேந்து மசங்குறீகளே!" சிரித்துக்கொண்டே இருளம்மாள் எழுந்து தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏலே முனியராசு! இங்கன வா. பாயம்மாவுக்கு எழுத்துத் தெரியலையாம், வந்து வாசி!"

கிட்டங்கி வாசலில் காலண்டர் கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். அத்தனை பேரும் ஜெய்லானியை அறிந்தவர்கள். அவர் ஆர்டரைத்தான் தினம் தினம் ஏற்றுகிறவர்கள்.

"வேண்டாம்க்கா! வேண்டாம், எனக்கே தெரிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே புட்டியைப் பறிக்காத குறையாக வாங்கி முந்தானைக்குள் செருகி, கைருன்னிசா வீட்டுக்குள் ஓடிவந்துவிட்டாள். காது இரண்டும் கொதித்தன. இந்த அக்காவுக்கு எறும்பும் எழுத்தும் ஒன்று என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுச் சிரிக்க முடிகிறது. தனக்கு ஏன் முடியவில்லை?

"யாரும் வந்தாகளா?" ஜெய்லானி கட்டிலில் மல்லாந்து படுத்துத் தயாராக இருந்தார். "மருந்தை விடு கைரு. நேரம் தப்பக்கூடாதுன்னு டாக்டர் சொன்னார்ல."

இனிச் சொல்வதற்குச் சாக்கு இல்லை. இரண்டில் ஒன்றை எடுத்தாள். பிய்க்கும்போது வலது கையில் இருந்தது கிருமி மருந்து, வலப்பக்கம்தான் வைத்திருப்பேன், ஆனால் துடைக்கும்போது கை மாறியிருந்தால்? அலமாரியில் வலப்பக்கம் இருந்தது முந்தானைக்குள் போனபோது எந்தப் பக்கம் போயிற்று? மூடியைத் திருகினாள். பிஸ்மில்லா என்று உதடு முணுமுணுத்தது. இடது கைவிரலால் அவர் கீழிமையை மெல்ல இழுத்தாள்.

அந்த ஒற்றைக் கண் அகலத் திறந்து அவளையே பார்த்தது. சிவப்பு இன்னும் முழுசாக வடியவில்லை. நடுவில் கண்மணி கறுத்துப் பளபளத்தது.

"கைரு."

"ம்."

"உன் மூக்குத்தியில ஒரு கல்லு விழுந்திருக்கு. எப்ப விழுந்துச்சு? நான் பாக்கவே இல்லையே." அவர் சிரித்தார். "இனிமே எல்லாத்தையும் பாக்கணும். ஒண்ணு விடக்கூடாது."

புட்டியின் மூக்கில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, தொங்கியது.

அவள் கையை வெடுக்கென்று இழுத்தாள். சொட்டு அவர் கன்னத்தில் விழுந்து காதோரமாக ஓடியது.

"என்ன, கன்னத்துக்கு வைத்தியம் பாக்குற?"

"துடைச்சிட்டேன், துடைச்சிட்டேன்... கண்ணை மூடிக்கங்க. தொறக்காதீங்க!" முந்தானையால் அவள் அழுத்தி அழுத்தித் துடைத்த வேகத்தில் அவர் தலை ஆடியது. "எனக்குத் தெரியலைங்க. எது எந்த மருந்துன்னு எனக்குத் தெரியலை."

"தெரியலைன்னா? மேல எழுதியிருக்குமே. வாசிச்சுப் பாரு."

அந்த நேரம் வாசலில் இருளம்மாள் குரல் கேட்டது. "பாயம்மா! வேண்டாம்னுட்டு ஓடிட்டீக. எனக்கு மனசு கேக்கலை. கண்ணு விசயமாச்சே, இவனைக் கையோட இழுத்துட்டு வந்துட்டேன்."

லோடு ஏற்றும் முனியராஜ் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிலைக்கு வெளியே நின்றான். கைருன்னிசா இரண்டு புட்டியையும் நீட்டினாள். வெட்கப்படக்கூட நேரமில்லை.

"இது கிருமி மருந்து, நாலு வேளைன்னு போட்டிருக்கு" என்றான் அவன், அவள் இடது கையிலிருந்ததைக் காட்டி. "இந்தா, இதுதான் வீக்கத்துக்கு."

மூடி திறந்திருந்தது அந்த இரண்டாவது புட்டிதான்.

கைருன்னிசா நிலையைப் பிடித்துக்கொண்டாள். இருளம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், திறந்த புட்டியைப் பார்த்தாள். அதற்குமேல் கேலி பேசவில்லை. புட்டியைத் தானே வாங்கிச் சாக்கடையில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, "வாலே போவோம், லோடு நிக்கும்" என்று முனியராஜைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

சரியான மருந்து விழுந்தது. விட்ட பிறகு கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கக்கூடாது என்பது டாக்டர் சொன்ன முறை. ஜெய்லானி கண்ணை மூடியபடி படுத்திருந்தார். கைருன்னிசா கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி கரகரத்துச் சுற்றியது.

"கைரு."

"சொல்லுங்க."

"நீ ஏன் வாசிக்கலை?"

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"கண்ணு மசங்குதுன்னு சொல்லாத. நேத்துக்கூட ஊசியில நூல் கோத்த, சத்தம் கேட்டேன். ஒரே தடவையில கோத்துட்ட."

"எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதுங்க."

"தெரியாதா? சரசரன்னு வாசிப்பியே. மாலை, கதைன்னு..."

"அது அரபு எழுத்துங்க. பேச்சு தமிழ், எழுத்து அரபு. நாச்சியா அம்மா அதான் சொல்லிக் குடுத்தாக. பள்ளிக்கூடத்துக்கு நான் போனதே இல்லை. நீங்க அன்னைக்குப் படிச்ச பொண்ணுன்னு கம்பெனி பூரா சொல்லிட்டதாச் சொன்னீக. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரலை."

அவர் ஒன்றும் பேசவில்லை. கோபமா? அவர் கோபப்பட்டு அவள் பார்த்தது குறைவு. அதனாலேயே அவருடைய மௌனத்தை எப்படிப் படிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப பிளாஸ்திரி..."

"அதுவும் அந்த எழுத்துதாங்க. நீங்க பாத்துருவீகன்னு பிச்சுட்டேன். புத்தி கெட்டுப் போச்சு. உங்க கண்ணையே..."

"அதை விடு" என்றார் அவர். "காலையில காலண்டர் தாளு கிழிப்பியே. அதுல என்ன பாப்ப?"

"தேதி. நம்பரு தெரியும்."

"அடியில ஒரு வரி இருக்குமே."

"இருக்கும். அரபு எழுத்து இருந்தா எடுத்துப் பத்திரமா வப்பேன். வெறும் தமிழா இருந்தா..." அவள் தயங்கினாள். பொய் சொல்லி அலுத்துப் போயிருந்தது. "தோசைக்கல்லு துடைப்பேன்."

ஜெய்லானி சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. மூடியிருந்த இமையோரம் ஈரம் கசிந்தது. மருந்தாகவும் இருக்கலாம்.

"அந்த வரியெல்லாம் நான் எழுதிக் குடுக்கிறது, கைரு. கம்பெனிக்காரன் எதையாவது போட்டு நெரப்புன்னுதான் சொன்னான். நான்தான் சீசனுக்குச் சீசன் உக்காந்து யோசிச்சு யோசிச்சு எழுதுவேன். வீட்டுல ஒருத்தி தினம் விடியக்காலம் வாசிக்கிறாள்னு. நம்ம கல்யாணத் தேதிக்கு வருசா வருசம் ஒரே வரியைத்தான் போடுவேன். மாத்தவே மாட்டேன். ஊரெல்லாம் அதைக் கிழிச்சுப் போடும். நீ ஒருநாளாவது ஏதாவது சொல்லுவன்னு பாத்தேன். சொன்னதில்லை. சரி, அவளுக்குப் புடிக்கலை போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

கைருன்னிசா எழுந்துவிட்டாள். சுவரில் ஆணியில் தொங்கிய காலண்டரின் முன் போய் நின்றாள். இன்றைய தேதி தெரிந்தது. அதன் அடியில் எறும்பு வரிசை. ஊருக்கே தெரிந்த வரி. அவளுக்கென்று எழுதிய வரி. தோசைக்கல்லில் கருகிப்போன வரி.

"என்ன வரிங்க அது?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுங்களேன்."

"வாயால சொல்றதுன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேனே. சொல்ல வெக்கமா இருந்ததாலதானே அச்சடிச்சேன்?"

அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அந்த ஒற்றைக் கண் தன்னைப் பார்க்காமலிருக்கும் இந்த நேரம் போய்விட்டால் இன்னொரு தடவை தனக்கு வாய் வராது என்று அவளுக்குத் தோன்றியது. 'இந்த வயசிலயா' என்று அவர் கேட்டுவிட்டால்? கேட்கட்டும். காலண்டரை ஆணியோடு பிடுங்குவதுபோல எடுத்துக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். உள்ளங்கை வேர்த்திருந்தது. அன்றைக்குத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோதும் இப்படித்தான் வேர்த்தது.

"உங்களுக்குக் கண்ணாடி வந்ததும்..." என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வந்ததும், எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் குடுங்க. 'அ'வுல இருந்து."